தீவாக நிற்கும் பாக்கியம்

வடகடலில் ஒரு துறவி, தீவு என்று நினைத்துத் திமிங்கலத்தின் முதுகில் இறங்கி, அடுப்பு மூட்டிப் ஈஸ்டர் திருநாளான பாஸ்காவுக்கு விருந்து சமைத்தார். அவர் புனிதரான பிறகு கடற்காகங்கள் அதை வழக்கமாக்கிவிட்டன. ஒவ்வொரு பாஸ்காவுக்கும் ஏதாவது ஒரு திமிங்கலத்தின் முதுகில் நெருப்பு வைக்கும். இந்த வருஷம் ஒரு குட்டியைக் கேட்டன.

“உபதேசியாரே, பால் மறக்காத பிள்ளை. தோல் வெந்துபோகும்” என்று தாய்த் திமிங்கலம் கெஞ்சியது.

“என்னம்மா இப்படிப் பேசுறே? எத்தனை தாய்க்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?” என்றார் கடற்காக உபதேசியார். அவர் காலில் தணல் சட்டி தொங்கியது.

பாறைமேல் கிடந்த, புனிதர் ஏறிவந்த தோல் படகுக்குப் பொறுக்கவில்லை. “நான் கூட இருந்தேனே! உயிருள்ளதுன்னு தெரிஞ்சதும் மனுஷன் பானையைப் போட்டுட்டு ஓடிவந்து என்மேல விழுந்தார். தெரியாம செஞ்ச தப்பு அது.”

“புனிதர் செய்தால் தப்பும் புண்ணியம்தான். நீ திருப்பண்டம், புனிதர் தொட்ட பொருள். முத்தம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்.”

சட்டியும் விருந்துப் பானையும் குட்டியின் முதுகில் இறங்கின. “அம்மா!” என்று அது அலறியது. தாய் குட்டியை அணைத்துக்கொண்டு அப்படியே ஆழத்துக்குப் போய்விட்டது. சட்டியும் பானையும் கடலோடு போயின.

உபதேசியார் வெறும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பறந்தார். பிறகு, “புதுமை! தீவு மறைந்த அற்புதம்!” என்று கூவினார். கடற்காகங்கள் எல்லாம் முழந்தாளிட்டன.

அடுத்த பாஸ்காவுக்கு, சூடு பட்டதும் முழுகத் தெரிந்த குட்டியாகத் தேடிக்கொண்டிருக்கின்றன.