லைனிலேயே இருங்கள்

கராஜ் கதவை உள்பக்கமாக இறக்கிவிட்டு டாரெல் தன் டிரக்கில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றினான். சாவி கையிலேயே இருந்தது.

அவசரப்பட்டுத் தற்கொலை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அவன் ஒரு போனுக்காகத்தான் காத்திருந்தான். வேலை போனவர்களுக்கு அரசு தரும் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகைக்கான விசாரணை போனில்தான் நடக்கும்; பேசுகிறவர் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. அவன் வீட்டில் இதைவிடத் தனியான இடம் கிடையாது.

போன் அடித்தது.

"விசாரணை நடுவர் பேசறேன். நாம பேசுறதெல்லாம் பதிவாகுது. முடிஞ்சுதுன்னு நான் சொல்ற வரைக்கும் எல்லாரும் லைன்லயே இருக்கணும். மிஸ்டர் ஹட்சன்ஸ், தனியாத்தானே இருக்கீங்க?"

"ஆமா சார்," என்றான் டாரெல்.

"கம்பெனி தரப்புல?"

"ரோண்டா கெஸ்லர், ஹெச்.ஆர். நானும் தனியாத்தான் இருக்கேன்." அந்தக் குரலில் ஈரமே இல்லை.

"வாரன் பாமர், ஃபேக்டரி மேனேஜர். நான் சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பேன்."

சொன்னபடியே பாமர் அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சாட்சி சொல்ல கெஸ்லரைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். யாரை எங்கே உட்காரவைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

வலது கையைத் தூக்கி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று டாரெலும் கெஸ்லரும் போனில் சத்தியம் செய்தார்கள். யார் கையைத் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்பது அவரவருக்குத்தான் வெளிச்சம்.

அப்போது ஒரு நாய் விடாமல் குரைத்தது.

"மன்னிக்கணும், என் நாய்தான்," என்றான் டாரெல். அதே நொடியில் கெஸ்லரும் அதையே சொன்னாள்.

"ரெண்டு பேருமே உங்க உங்க நாயைக் கொஞ்சம் அடக்குங்க," என்றார் நடுவர் சலிப்போடு.

காபி கப் மூடி செய்யும் ஃபேக்டரியில் டாரெலுக்கு மெஷின் வேலை. அங்கே முன்கூட்டியே சொல்லிவிட்டு லீவு எடுத்தால் ஒரு கரும்புள்ளி போடுவார்கள். சொல்லாமல் வராவிட்டால் வேலையே காலி. அவனைச் சொல்லாமல் வராதவன் என்று கம்பெனி எழுதிக்கொடுத்துவிட்டதால் வாராந்திர உதவித்தொகை நின்றுபோயிருந்தது. இன்று தோற்றால், பனி விழுவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"அன்னைக்கு ஏன் வேலைக்குப் போகல?"

"என் பொண்டாட்டிக்கு ரத்தப்போக்கு சார், நிக்கவே இல்ல. அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வயித்துல இருந்த குழந்தை போயிடுச்சு."

லைனில் யாரோ ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பாமர் இல்லை, அவருடைய மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது.

"கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றார் நடுவர். "ஆனா என் கேள்வி ஒண்ணுதான். ஷிஃப்டுக்கு முன்னாடி கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"லீவு சொல்ற நம்பருக்குக் கூப்பிடல சார், தப்புதான். ஆனா மிஸ் கெஸ்லர்கிட்டயே நேர்ல சொன்னேன். அதையெல்லாம் எழுதுறவங்களே அவங்கதானே, அது போதும்னு நெனச்சேன்."

"நேர்லன்னா, எங்க வச்சு?"

டாரெல் வாயைத் திறந்தான். பாமர் லேசாகக் கனைத்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அவங்களையே கேளுங்க சார்."

"மிஸ் கெஸ்லர், சொன்னாரா?"

"லீவு நம்பர்ல எதுவும் பதிவாகல சார்."

"நான் அதைக் கேக்கல. உங்ககிட்ட சொன்னாரா இல்லையா?"

இப்போது பாமரின் மூச்சும் நின்றது. அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"இல்ல."

"அவர் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தது அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

அவள் இப்படித்தான் சொல்வாள் என்று டாரெல் எதிர்பார்த்துத்தான் இருந்தான். இருந்தும், "கடைசியா ஏதாவது சொல்லணுமா, மிஸ்டர் ஹட்சன்ஸ்?" என்று நடுவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்து சீட்டில் எறிந்தான்.

டிரக்கைவிட்டு இறங்கி, வீட்டுக்குள் போகும் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினான். நாய் ஓடிவந்து காலைச் சுற்றியது. சமையலறை மேசை முன்னால் அவன் மனைவி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம குழந்தை போன நாளையே தெரியாதுன்னுட்டியே, ரோண்டா."

அவள் கைகளை எடுத்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"பாமர் கேட்டுக்கிட்டே இருந்தான், டாரெல். நீ சொன்னது உண்மைன்னு சொல்லியிருந்தா என் வேலையும் போயிருக்கும். அப்புறம் என் வைத்தியத்துக்குக் கம்பெனி தர்ற இன்ஷூரன்ஸ் ஏது?"

மேசைமேல் கிடந்த அவளுடைய போனில் விளக்கு இன்னும் அணையவில்லை. அதிலிருந்து, சீராக ஒரு மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே நடுவரின் குரல் நிதானமாகக் கேட்டது.

"மிஸ் கெஸ்லர், விசாரணை முடிஞ்சுதுன்னு நான் இன்னும் சொல்லல."