கூப்பிட்டால் திறக்கும் கதவு

சிவராஜ் வீட்டு ஜன்னலோரம் நின்று வம்பு கேட்பது எனக்கு நெடுநாள் பழக்கம். கொல்கத்தாவை ஒட்டிய இந்தச் சாந்த்ராகாச்சியில் வேறு என்ன பொழுதுபோக்கு?

அன்று மாலை அவர் போனில் பூர்ணிமாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீட்டார் குரல் கேட்டால் தானே திறக்கும் பூட்டுக்கு அவள் கெர்னல் டிரைவர், அதாவது பூட்டை இயக்கும் நிரல், எழுதியிருந்தாள். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அவர் வேலை. சோதனைப் பூட்டு அவர் வாசற்கதவிலேயே இருந்தது.

“ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் குரல் சரின்னு சிப் சிக்னல் அனுப்புது. உன் ப்ரோக்ராம் ரெண்டு சிக்னலை விட்டுட்டு மூணாவதுக்குத்தான் திறக்குது. டைமிங்கே நாசம்! எதுக்கும்மா இது?”

“சிவராஜ் அண்ணா, நிஷிப் பேய் தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்பிடும். ஆனா ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. மூணாவதுக்குத் திறந்தா பயமில்ல.”

“உன் பேய்க்காக கஸ்டமர் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தணுமா? நாளைக்கு டெமோ. ஊத்திக்கிச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இல்ல.”

“எங்க தெருவுலயே ஒருத்தர் முதல் தடவையே திறந்து, அந்தப் பேய் அவரை...”

“நீ இந்த ஊர் கார்டன் ரீச்ல வளர்ந்தவ, பயப்படுற. நான் விருதுநகர்க்காரன்!”

மூன்றாம் தடவைக்குக் காத்திருக்கும் வரியை நீக்கி, புது நிரலைப் பூட்டில் ஏற்றினார். மனைவி விஜயா அலிப்பூர் ஆபீஸிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, விஜயாவின் குரலில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

“என்னங்க, கதவைத் திறங்க.”

திறந்தது.

“பாத்தியா பூர்ணிமா! விஜயா ஒரு தடவைதான் கூப்பிட்டா!” என்று சிவராஜ் திரும்பிப் பாராமலே போனில் பெருமையடித்தார்.

முதன்முதலாகப் போகிற வீடு. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.