பீரோவுக்குப் பின்னால் இருந்த பெட்டிகள்

அரசு வாடகைக் குடியிருப்பின் மூன்றாம் மாடி. சன்னல் வெயிலில் நின்று, தையல்காரி பீரோவுக்குப் பின்னாலிருந்து மடித்துவைத்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவுகிறாள். பதினோரு ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகளுக்குப் பாத்திரங்களைச் சுமந்தவை. காலிசெய்யச் சொல்லும் அடுத்த நாளுக்காகவே எப்போதும் பத்திரப்படுத்தப்பட்டவை. பழைய ஒட்டுநாடாத் தழும்புகள் மினுங்குகின்றன. கீழே பழைய பேப்பர்காரரின் குரல் தெருவில் நெருங்குகிறது. “ரெண்டையாவது வச்சுக்கோயேன். மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு இங்கயும் கிளப்பிவிட்டா?” என்கிறான் கணவன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். “இந்த வீட்டுக்காரர் அரசாங்கம்ங்க. கல்யாணம் பண்ணிவைக்க மகனே கிடையாது.” அவன் சிரித்தபடி பெட்டிக்கட்டைத் தோளில் ஏற்றிப் படியிறங்குகிறான். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பீரோவைத் தள்ளுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அது சுவரோடு ஒட்டி நிற்கிறது.