நேராகக் கேளுங்கள்

"தங்கச்சி, மனசு விட்டுப் பேசுற தமிழ்ப் பக்கம் ஒண்ணு இன்டர்நெட்டுல இருக்காமே. அதுல எனக்கு ஒரு விசயம் எழுதிக் குடுப்பியா?"

பெற்றீசியா நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"யாரோ பேசிக்கிட்டாங்க" என்றார் சின்னராசா.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த இன்டர்நெட் கடை. கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் மேலே வருவார். குவைத்தில் வேலை செய்யும் மனைவிக்கு அவர் சொல்லச் சொல்ல, கடையில் வேலை பார்க்கும் பெற்றீசியா தட்டி அனுப்புவாள். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். கம்ப்யூட்டரில் தட்டத்தான் வராது.

"சரி, சொல்லுங்க."

சின்னராசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்ச பொம்பளைப் பிள்ளை ஒண்ணு. இருபத்திரெண்டு வயசு இருக்கும். கொஞ்ச நாளா அது சரியில்ல. சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வருது, பிரிக்காமலே திரும்பக் கொண்டு போகுது. இந்த மழையில குடையை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போகுது. உசுரை விட்டுருமோன்னு பயமா இருக்கு. நான் என்ன செய்யணும்? அவ்வளவுதான்."

பெற்றீசியா மெதுவாகத் தட்டி முடித்தாள். "உங்களுக்குச் சொந்தமாண்ணே?"

"சொந்தமில்ல. தெனம் பார்க்கிற பிள்ளை."

"அவகிட்டயே கேக்கலாமே?"

"அந்தளவுக்குப் பழக்கமில்லம்மா. ஆம்பளை போய் என்னன்னு கேக்கிறது?"

அவள் அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அவர் மாடியேறி வந்தபோது, அவர் கேட்கும் முன்பே அவள் சொன்னாள். "பதினோரு பேர் எழுதியிருக்காங்கண்ணே."

"பதினோரு பேரா? முன்னப்பின்ன தெரியாத பிள்ளைக்கா?"

"கனடாவுல இருந்து குணபூசணின்னு ஒரு நர்ஸம்மா எழுதியிருக்காங்க. யாழ்ப்பாணத்து ஆளு போல." பெற்றீசியா வாசித்தாள். "'தம்பி, சாக வேணும்போல இருக்கோ எண்டு பிள்ளையிட்ட நேராக் கேளுங்கோ. கேட்டால் அந்த எண்ணம் கூடிப்போகும் எண்டு பயப்பிடாதேங்கோ, கூடாது. சொல்லுறதைக் குறுக்க பேசாமல் கேளுங்கோ. தனிய விடாதேங்கோ. டொக்டரிட்ட நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ.'"

"ம்."

"இது ஜெர்மனியில இருந்து சிவரூபன்னு ஒருத்தர். 'நானும் ஒருகாலம் அப்பிடி இருந்தனான். அண்டைக்கு ஒருத்தன் என்னோட விடிய விடிய இருந்தான். இண்டைக்கு எனக்கு ரெண்டு பிள்ளையள். அந்தத் தங்கச்சியிட்ட இதைச் சொல்லுங்கோ.'"

அந்தப் பதிலை மட்டும், யாரும் கேட்காமலே, அவள் மறுபடியும் ஒருமுறை வாசித்தாள்.

"நேரா கேட்டா கோவப்பட்டுருமோ?" என்றார் சின்னராசா.

"கோவப்படமாட்டாண்ணே." அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "யாராவது கேக்கமாட்டாங்களான்னுதான் இருக்கும்."

"என்னன்னு கேக்க?"

"அந்த நர்ஸம்மா சொன்ன மாதிரியே கேளுங்க. சுத்தி வளைச்சுக் கேட்டா, ஒண்ணுமில்லன்னு சிரிச்சுட்டுப் போயிருவா."

அவர் கீழே இறங்கி ஆட்டோவுக்குள் உட்கார்ந்தார். மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் வந்து, டிக்கோயாவுக்குப் போகணும் என்றது.

"வேற ஆட்டோவைப் பாருங்க. எனக்கு ஒரு வேலை இருக்கு."

நாலு பிள்ளை பெற்ற வீட்டில் மூத்தவராய்ப் பிறந்தவர். தங்கைகளின் கல்யாணப் பேச்சில்கூட இப்படித் தயங்கியதில்லை. மழை கொஞ்சம் விட்டது. இறங்கிப் போனார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. வெயில் அடித்த ஒரு காலைப்பொழுதில் பெற்றீசியாவே மாடி ஜன்னலில் இருந்து அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே! கனடா நர்ஸம்மா மறுபடி எழுதியிருக்காங்க. அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கு, முதல்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கிறாங்க. பதில் போடுவோமா?"

சின்னராசா வந்து பக்கத்து நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எழுது. நீங்க சொன்ன மாதிரியே நேரா கேட்டேன். அழுதா பாருங்க, ஒரு மணித்தியாலம். நான் வாயைத் திறக்கல. அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவங்கம்மாகிட்ட சொன்னேன். அந்தம்மா திட்டல, கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் எல்லாருமா ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதுவரைக்கும் கிளினிக்குக்கு மூணு தரம் போயாச்சு."

"நாலு தரம்ணே."

"ஆமா, நாலு. நாலுன்னே போடு. இன்னும் சில நாள் மனசு கனக்குதாம். ஆனா கனத்தா வாயைத் திறந்து சொல்லிருது."

தட்டிக்கொண்டே வந்தவள் தலையாட்டினாள். "எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாங்களே?"

"அந்தப் பிள்ளை உங்க இன்டர்நெட் பக்கத்துலதான் முதல்ல எழுதினா. பூராவும் எழுதிட்டு, அனுப்பப் பயந்து அழிச்சுட்டா. நான் பின்னால நின்னு வாசிச்சுட்டேன். அவ கேக்க நினைச்சத நான் கேட்டேன், அவ்வளவுதான். இப்ப நல்லா இருக்கான்னு எழுதி முடிச்சிரு."

'இப்ப நல்லா இருக்கா' என்று தட்டினாள் பெற்றீசியா. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கடைசி எழுத்தை மட்டும் அழித்து 'இப்ப நல்லா இருக்கேன்' என்று திருத்தி, கீழே தன் பெயரைப் போட்டு, இந்த முறை பயப்படாமல் அனுப்பினாள்.