ஐந்தாவது ஆள்

நான்காவது இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

ஜன்னல் திரையைத் தாண்டி, சைனிக்புரியின் பதினொரு மணி வெயில் பால் மாதிரி வடிந்து வந்தது. தட்டின் கறுப்பில் ஒரு வெள்ளைக் கீற்றாக விழுந்தது. தட்டு எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கீற்று மட்டும் நகராமல் அப்படியே நின்றது.

பகவதி அதைப் பார்த்தபடி நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே எட்வின் சார்.

ஒரே பாட்டு, ஐந்து பாடகர்கள். ஓபராவுக்காக ஓர் இத்தாலிக்காரர் எழுதி இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஒருத்தி தன்னை நேசிக்கிறாள் என்று ஒருவன் கண்டுகொள்கிற பாட்டு. அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அவனாகவே கண்டுகொள்கிறான்.

முடிவில் வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி நின்றுவிடும். அங்கே பாடுகிறவன் தனியாக, மூச்சு தாங்குகிற வரைக்கும், தன் இஷ்டப்படி குரலை உருட்டிக்கொள்ளலாம். ஆளுடைய குணம் அந்த இடத்தில்தான் வெளியே வரும் என்பது எட்வின் சாரின் கட்சி.

ஒன்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர்களுக்குப் பட்டப்பெயரே வைத்தாகிவிட்டது. முதல் ஆள் கலெக்டர். ஃபைலில் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒவ்வொரு ஸ்வரமாக வைப்பார். அடுத்தவர் மாப்பிள்ளை. உச்சிக்கு ஏறிவிட்டால் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் இறங்கவே மாட்டார். அப்புறம் அழுகுணி. இப்போது சுழல்கிறவர் மூச்சடக்கி.

ஐந்தாவது ஆளுக்கு மட்டும் பெயர் அமையவில்லை. கடைசி இடத்தில் மற்ற நான்கு பேரும் குரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் தாழ்த்திக்கொண்டுவிடுவார். எட்வின் சாருக்கு அவர்தான் உசத்தி.

"போங்க சார், அவர் பாடறது அவருக்கே கேக்காது!"

"ஹால் பூரா கேக்கணும்னா பாடறான்? நக்கோ, பகவதியம்மா, அதெல்லாம் வேணாம். ஒரே ஒரு ஆளுக்குக் கேட்டா போதும் அவனுக்கு."

இந்தச் சண்டை மட்டும் தீர்ந்ததே இல்லை.

ஒரு தடவை பக்கத்துத் தெரு ஆனந்தகுமார் வந்து உட்கார்ந்து, அஞ்சும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு என்று சொல்லிவைத்தார். மறு ஞாயிறு அவருக்கு அழைப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

மாரெட்பள்ளியிலிருந்து ஆட்டோவில் வரும்போதெல்லாம் பகவதிக்கு அதே நினைப்புதான். இன்றைக்கு ஒரு சொல் தவறினால் தன் நாற்காலியும் போய்விடும்.

நாற்காலி கிடைத்ததே காதால்தான். பாலாநகர் தொழிற்சாலையில், விமானக் கருவிகளைச் சோதிக்கிற பிரிவில், முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டியிருந்தவள். ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரியில், பின்வரிசையில் யார் ஒரு மயிரிழை பிசகுகிறார் என்று சொல்லிவிட்டாள். பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த எட்வின் சார் அசந்துபோனார். "இந்த ஊர்ல எனக்கு ஒரு காது கெடச்சிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஊசி பாட்டின் கடைசி வளையங்களுக்கு வந்தது.

"இங்கதான் சார். பாத்தீங்களா, மூச்சே விடலை."

அவள் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் அவர் பேசினார். எப்போதும் அப்படித்தான். மாதா கோயில் மரியாதை என்று நினைத்துக்கொள்வாள்.

"ஹவ், ஆமா. விடவே இல்ல."

காப்பி கொண்டுவர உள்ளே போனார். மீசை இல்லாத முகம் இன்னும் அவளுக்குப் பழகவில்லை. ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்து நாற்பது வருஷம் மேலுதட்டை மூடியிருந்த மீசை. போன ஜூன் மாதம், வெயில் தாங்கலை என்று எடுத்துவிட்டார். ஸ்கூல் பையன் மாதிரி இருக்கீங்க என்று அப்போது கேலி செய்திருந்தாள்.

ஐந்தாவது தட்டை எடுக்க எழுந்தபோது மடியிலிருந்த கண்ணாடிக்கூடு நழுவி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் விழுந்தது. குனிந்தாள்.

இரண்டு பெட்டிகளின் வயர்களும் கழன்று தரையில் கிடந்தன.

ஒன்றைக் கையில் எடுத்தாள். செம்பு நுனியில் பச்சை பூத்திருந்தது. அவள் பார்க்காத வயரா? ஒரு மழைக்காலமாவது வெளியிலேயே கிடந்திருக்க வேண்டும்.

போன ஜூன்.

அவள் காது போனது அதற்கும் முந்தைய கோடையில். மருமகள் பத்மஜாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் இருந்தாள். டாக்டர் கொடுத்த மெஷின் பேச்சையும் பாட்டையும் ஒரே இரைச்சலாக்கியதால் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். ஊசி எந்த வளையத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஐந்து பேரையும் ஞாபகத்திலிருந்தே பாடவைத்துக்கொண்டிருந்தாள். எட்வின் சார் சொல்வதை அவர் உதட்டிலிருந்து படித்தாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் அவள் சொன்னதை மட்டும்தான்.

வயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று வைத்தாள். ஐந்தாவது தட்டைத் துடைத்துப் போட்டு, கீறல் விழாமல் ஊசியை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் கொண்டுவந்த காப்பி ஆறுகிற வரைக்கும் இருவரும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். வாத்தியங்கள் ஒதுங்குகிற இடம் வந்தது. பகவதி ஊசியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இவருக்குத்தான் சார் முதல் இடம்."

எட்வின் சாரின் மேலுதடு லேசாக நடுங்கியது.

மீசை இருந்திருந்தால் தெரிந்திருக்காது.