இன்னுமா பூக்குது?

முழங்கால் வலியையும் பாராமல் கிளைவ் தினமும் காலையில் வேலியோரம் வந்துவிடுவார்.

"இன்னுமா பூக்குது?"

நவம்பர் பிறந்தும் இங்கிலாந்தின் டெவனில் உறைபனி விழவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மார்ஜரியின் தோட்டத்தில் மேப்பிள் மரம் தகதகவென்று சிவந்திருந்தது. அதனடியில் டேலியாக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளின.

"ஊரே பார்த்துப் பூரிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் வயித்தெரிச்சல்?" என்றார் மார்ஜரி.

"ஒருநாள் பனி விழட்டும், எல்லாம் கருகிடும்!"

"முதல்ல வாயைக் கழுவுங்க!"

மறுநாளும் இதமான வெயில்தான். வேலிக்கு வந்த கிளைவ் திகைத்துப்போனார். ஒரு செடியிலும் பூவில்லை.

"ஐயோ மார்ஜரி, ராத்திரி பனி விழுந்துடுச்சா?"

"இல்ல. நான்தான் வெட்டினேன்." மார்ஜரியின் கை கொள்ளாமல் டேலியாக்கள்.

"நான் ஏதோ கோபத்துல சொன்னதுக்கா..."

"செப்டம்பர்ல, 'கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு கேட்டீங்க. 'டேலியா கருகட்டும், பதில் சொல்றேன்'னு சொன்னேன். இந்தப் பனியை நம்பிக் காத்திருக்க நமக்கென்ன இருபது வயசா? பிடிங்க பூவை!"

வாசல் வழியாகச் சுற்றிவரக் கிளைவுக்குப் பொறுமையில்லை. முழங்கால் வலிக்காரர் வேலியைத் தாண்டிக் குதித்தார்.