கிளறன்ஸுக்கு ஒரு நற்சாட்சி

"உங்க ஹஸ்பெண்ட் எப்பவாவது உங்கள அடிச்சிருக்காரா?" என்று கேட்டாள் கௌரி.

அன்ரனீற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரோ? ஒரு கரப்பான் பூச்சிக்கு அடிக்கிறதெண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார், பிள்ளை."

கௌரியும் சிரித்தாள். கோயம்புத்தூர்ப் பெண், ஆனால் பக்குரங்கா என்ற புறநகரில் இருக்கும் அந்த வீட்டுக்கு அவள் வந்தது பொலிஸ் சார்பில். துப்பாக்கி லைசென்ஸ் கேட்கிறவரை மட்டும் விசாரித்தால் போதாது, கட்டின மனைவியையும் தனியாக இருத்தி விசாரிக்க வேண்டும் என்பது குடியேறி வந்த இந்த நாட்டின் வழக்கம். அதனால் கணவர் கிளறன்ஸ் தன் முறை வரும்வரை கராஜுக்குள் போய் நின்றார்.

அவர் கேட்டிருந்தது பழைய மாதிரி ரிவால்வர் ஒன்று வைத்திருக்க. அவருடைய துப்பாக்கி கிளப்பில் இப்போது எல்லோருக்கும் அந்தப் பைத்தியம்தான். பிளாஸ்டிக் பிடி போட்ட புதுத் துப்பாக்கிகளோடு திரிந்த இளசுகள்கூட மரப் பிடியையும் கருநீல இரும்பையும் சுழலும் உருளையையும் தேடி அலைகிறார்கள். கம்பெனிகளும் பழைய உருவத்திலேயே புதிதாகச் செய்துவிடுகின்றன. கடைக்காரர் கிளறன்ஸுக்கென்று ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்.

"துப்பாக்கிய வச்சுப் பூட்டுற சேஃப் எங்க வைக்கப் போறீங்க?"

"மகன்ர அறைக்குள்ள. தரையோட பூட்டி வைக்கலாம். நான்தான் அங்க வைக்கச் சொன்னனான், அது இப்ப சும்மாதானே கிடக்குது."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். கிரிஷான் போன வருடம் மோட்டர்வே விபத்தில் போய்விட்டான் என்பது அவளுக்கு முன்னரே தெரியும். ஒரே பிள்ளை.

மகனைப் புதைத்த பிறகு கிளறன்ஸ் வாய் திறந்து கதைப்பதையே விட்டிருந்தார். கூட வேலை செய்கிற ஒருவன்தான் அவரை வலுக்கட்டாயமாகக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். கிளப் ரிவால்வரால் கடதாசிக் குறியின் நடுவில் முதன்முதலாகச் சுட்ட அன்றைக்கு, வீட்டுக்கு வந்து இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னார். அந்த மனிதருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சந்தோசம்தான்.

அன்ரனீற்றா முதலில் வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்றாள். மன்னாரில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கோவிலுக்குள் ஓடி ஓடி வளர்ந்தவள். "இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தால் நான் வெளியில போயிடுவன்" என்று கத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒருநாள் தானாகவே வந்து, "வாங்குங்கோ" என்றாள். மனுசனுக்காக மனசை மாற்றிக்கொண்டாள் என்று கோவிலில் எல்லோரும் அவளை மெச்சினார்கள்.

கௌரி குரலைத் தாழ்த்தினாள். "இதக் கேட்டுத்தான் ஆகணும், ஆன்ட்டி. இந்த வீட்டுல யாருக்காவது தூக்கம் வராம, வாழவே பிடிக்காம, அப்படி ஏதாவது இருக்கா?"

"அவர் நல்லா நித்திரை கொள்ளுவார், பிள்ளை. விடிய விடியக் குறட்டைதான், ஒரு நிமிசம் நிப்பாட்டமாட்டார். சாப்பாடும் பிழையில்லை. என்ர மனுசனைப் பற்றி நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்."

அடுத்ததாகக் கிளறன்ஸ் உள்ளே போனார். அன்ரனீற்றா குசினியில் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட்டோமா இல்லையா என்று மறந்து, ஒன்றை வாயில் வைத்துப் பார்த்தாள். லைசென்ஸ் கிடைத்துவிட வேண்டும், அந்தோனியாரே, கிடைத்துவிட வேண்டும் என்று அவள் உதடு முணுமுணுத்தது.

தேத்தண்ணித் தட்டோடு அவள் வரும்போது கௌரி எழும்பி நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அன்ரனீற்றாவின் கையைப் பிடித்தவள் சற்று நேரம் விடவேயில்லை. "நான் திரும்ப வருவேன், ஆன்ட்டி. சும்மா பேசிட்டிருக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் புறப்படும் சத்தம் கேட்டது. கிளறன்ஸ் சோபாவிலிருந்து அசையவில்லை.

"என்னவாம்? எப்ப கிடைக்குமாம்?"

"கிடைக்காது. அந்தக் கடைக்காரனையும் வேற ஆருக்காவது குடுக்கச் சொல்லப்போறன்."

அன்ரனீற்றா தட்டைத் தொப்பென்று மேசையில் வைத்தாள். "ஏன் கிடைக்காது? உங்களைப் பற்றி ஒரு குறை சொன்னனோ நான்? நல்லவர், வல்லவர் எண்டு தலையில தூக்கி வைச்செல்லோ கதைச்சனான்!"

"நீர் நல்லாத்தான் சொன்னனீராம். நான்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"உங்களுக்கு என்ன விசரே? எவ்வளவு ஆசைப்பட்டனீங்கள்! அது வரவேணும். இந்த வீட்டுக்கு அது வரத்தான் வேணும்!"

இவ்வளவு கோபத்தை அவளிடம் அவர் கண்டதில்லை. கிளறன்ஸ் எழும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகனின் சவப்பெட்டிக்கு முன்னால் அழாத அந்த மனிதரின் கண்களிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அந்தப் பிள்ளை உம்மட நித்திரையைப் பற்றியும் கேட்டது, நீற்றா. எனக்குப் பொய் சொல்ல ஏலேல்லை."